நாற்பத்தொரு நாள்

ஜூன் 5, திங்கள்

டாக்டர் ஞானராஜ் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். சனிக்கிழமை காலை இவர் குளியலறைப் படியில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. இடது முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. கட்டுப் போட்டு முடித்த டாக்டர் இவரை அறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். திரும்பி வரச் சொன்னார். பார்த்துவிட்டு என்னிடம், ஒரு நோட்டுப் போட்டு தினமும் குறித்து வாருங்கள் என்றார். எத்தனை முறை தடுமாறுகிறார், எத்தனை முறை பாத்ரூம் போகிறார், எதையெல்லாம் மறக்கிறார்.

இன்று தடுமாறியது நான்கு முறை. பாத்ரூம் பதினொரு முறை, அதில் இரண்டு முறை போய்ச் சேருவதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. குடித்த காபியை மறந்து மறுபடி கேட்டார்.

நடையைப் பற்றியும் எழுத வேண்டும். இவர் முப்பத்து மூன்று வருடம் சர்வேயராக இருந்தவர். விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு என்று கரிசல் காடெல்லாம் அளவுச் சங்கிலி பிடித்து நடந்தவர். கோமதிநாயகம் சாருக்கு ஈடுகொடுத்து நடக்க முடியாது என்று ஆபீசில் சொல்வார்கள். இப்போது காலைத் தூக்குவதே இல்லை. தரையில் பசை தடவி ஒட்டியதுபோல் பாதத்தை இழுத்து இழுத்து வைக்கிறார். திரும்புவதற்கு நின்ற இடத்திலேயே ஏழெட்டுச் சின்ன அடி வேண்டியிருக்கிறது. ஒன்றரை வருடமாக இப்படித்தான். அறுபத்தொன்பது வயது, மூப்பு என்று இருந்துவிட்டோம்.

சாயங்காலம் என் தங்கை விசாலம் வந்திருந்தாள். இது டாக்டருக்கு வேண்டாத விஷயம். ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

தடுமாறியது மூன்று. பாத்ரூம் பத்து. நாள் கிழமை கேட்டால் தெரியவில்லை.

ஜூன் 9, வெள்ளி

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் படத்தைக் காட்டினார். மூளைக்கு நடுவே கறுப்பாக, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் இருந்தது. அது இவ்வளவு பெரிதாக இருக்கக்கூடாதாம்.

மூளைக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, அதில் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒரு நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும் என்றார். இவருக்கு ஊறுகிற அளவுக்கு வடியவில்லை. அறைகள் வீங்கி, கால், சிறுநீர், ஞாபகம் மூன்றுக்கும் போகிற நரம்புப் பாதைகளை நெருக்குகின்றன. வெளியே பார்ப்பதற்கு மூப்பு மாதிரியே இருக்கும், மறதி நோய் என்று சொல்லிப் பலரை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்றார். மதுரையில் ஒரு மூளை அறுவை டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார்.

"இதுதான் நோவுன்னு உறுதியாச்சுன்னா, ஒரு டியூப் வச்சு அந்தத் தண்ணிய வடிச்சு விட்ரலாம்மா. நடை திரும்பிரும். ஞாபகமும் ஓரளவு திரும்பும். ஆனா நாளாக நாளாக திரும்புறது கொறஞ்சுக்கிட்டே வரும். இந்த வாரமே போங்க."

சந்தோஷமாக இருந்தது. வரும் வழியில் கீரை வாங்கினேன்.

ஜூன் 10, சனி

கடிதத்தைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் விரித்திருக்கும் தாளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கட்டும் என்று.

புனேயிலிருந்து மகன் சிவபாலன் பேசினான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். மூப்புதான், மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று சொன்னேன். அவனுக்கு ஆபீசில் வேலை நெருக்கடி, பாவம். நான் மதுரைக்குப் போன் செய்து நாள் வாங்கியபின் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 14, புதன்

தடுமாறியது ஐந்து. பாத்ரூம் ஒன்பது.

விசாலம் வந்தாள். பால்கோவா கிளறினோம். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். லூர்துராஜ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் மாலையோடு இங்கே வந்தார்கள். இவர் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, இந்த நடையை நீ மிதிக்கக்கூடாது என்றார். அவளைச் சேர்க்கக்கூடாது என்று என்னிடம் தனியாகச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை. இதே கோவில்பட்டியில் இருந்துகொண்டு நானும் அவளும் மார்க்கெட்டில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டோம்.

போன மாசி மாதம் துணிந்து கூப்பிட்டேன். இவர் அவளைப் பார்த்துச் சிரித்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து வாரம் இரண்டு முறை வருகிறாள்.

ஜூன் 21, புதன்

இன்று போன் செய்ய இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது.

ஜூன் 27, செவ்வாய்

சாப்பாடு போட்டுவிட்டு நின்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து, நீ சாப்பிட்டியா என்று கேட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. வந்திருக்கலாம், நான் மறந்திருக்கலாம்.

சாம்பாரில் உப்பு இல்லை. எனக்கே பின்னால்தான் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார். வேட்டியை மாற்றிவிடும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒனக்கு எவ்வளவு செரமம் என்றார்.

தடுமாறியதை இன்று எண்ணவில்லை.

ஜூலை 5, புதன்

டாக்டர் ஞானராஜ் வீட்டுக்கே போன் செய்துவிட்டார். மதுரை போனீர்களா என்றார். நாள் கிடைக்கவில்லை என்றேன். தானே பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் டாக்டர், அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

அடுத்த வாரம் செய்துவிட வேண்டும்.

ஜூலை 13, வியாழன்

மாடியில் துணி காயப்போட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிவிட்டு இறங்கி வந்தேன். இவர் பாத்ரூம் நிலைப்படிக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால் எழவில்லை. தரையெல்லாம் ஈரம். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, இருபது நிமிடமாவது இருக்கும். கூப்பிட்டிருக்கலாமே என்றேன். ஒம் பேரு வர மாட்டேங்குது என்றார்.

துடைத்துவிட்டு, குளிப்பாட்டிப் படுக்க வைத்தேன். பீரோவைத் திறந்தேன். சேலை அடுக்கைச் சரிசெய்துவிட்டு மூடினேன்.

ஜூலை 19, புதன்

விசாலத்தை ஒரு ஜாக்கெட் துணி எடுக்கச் சொன்னேன். எதற்காக அவளைப் பீரோவுக்கு அனுப்பினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அடித்தாள் விலகித் தெரிந்த கடிதத்தோடு அடுப்படிக்கு வந்தாள். மேலே தேதியும் பெரிய எழுத்தில் அவசரம் என்றும் இருந்தது. படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை மடித்தாள். பிறகு கீழே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்காண்டியா வச்சிருக்கே?"

எனக்காகவும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா, அத்தான் எந்திரிச்சு நடந்து வந்து என்னைய வெரட்டட்டும். வெரட்டுனா போறேன். முதல்ல எந்திரிக்கட்டும்."

அவள் போனிலேயே மதுரைக்குப் பேசினாள். நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். நாள் கிடைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை.

ஜூலை 20, வியாழன்

மதுரை. லூர்துராஜ் கார் ஏற்பாடு செய்துவிட்டு, தான் வரவில்லை.

மூளை அறுவை டாக்டர் பர்வீனுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். பேச்சு மெதுவாக வருகிறது. என்னிடம் பேசாமல் இவரிடமே எல்லாம் கேட்டார், பதில் வரும்வரை காத்திருந்தார். எனக்கு அது புதிதாக இருந்தது. குறிப்பு எழுதியதைக் கேட்டார். தேதியையும் எண்ணிக்கையையும் தனித்தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், அதைக் கொடுத்தேன்.

உடனே அறுவை இல்லையாம். முதலில் முதுகுத்தண்டு வழியாக ஊசி போட்டு அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்த பிறகு நடை தெளிந்தால், டியூப் வைத்தால் பலன் கிடைக்கும் என்று அர்த்தம். தெளியாவிட்டால் யோசிக்க வேண்டும்.

சாயங்காலம் சிவபாலனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால் இன்று நடந்ததை.

ஜூலை 26, புதன்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறார்கள். இடையில் பத்து மீட்டர். ஊசிக்கு முன் இவர் அதை நடந்து கடக்க நாற்பத்தொரு நொடி ஆனது. அடிகளை எண்ணினார்கள், முப்பத்தாறு.

பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்லி, இடுப்புக்கு மேல் ஊசி போட்டார்கள். நான் தலைமாட்டில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குடிக்கிற தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. இவ்வளவு செய்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து மறுபடி நடக்க வைத்தார்கள். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. கால் தரையை விட்டு எழுந்தது. நொடி இருபத்திரண்டு, அடி இருபத்தொன்று. பிசியோதெரபி செய்கிற பெண் கைதட்டினாள். இவர் கடைசி டேப்பில் நின்று, குனிந்து பார்த்து, திரும்பி முதல் டேப்பைப் பார்த்தார்.

"இது பத்து மீட்டர் இல்ல. ஒம்பதரை. யார் அளந்தது?"

அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. யார் அளந்தது என்று இன்னொரு முறை கேட்டார். விசாலத்தை வாசலில் நிறுத்திய அந்தக் குரல்தான்.  உடனே எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அளவுநாடா எடுத்து அளந்தார்கள். ஒன்பது மீட்டர் அறுபது.

ஜூலை 27, வியாழன்

காலையில் நடை மறுபடி மந்தமாகிவிட்டது. எடுத்த நீர் மறுபடி ஊறியிருக்கும், எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர்.

அறுவையைப் படம் வரைந்து விளக்கினார். காதுக்குப் பின்னால் மேற்புறம் மண்டை ஓட்டில் சின்னத் துளை. அதன் வழியே மெல்லிய குழாயை நீர் தேங்கிய அறைக்குள் விடுவார்கள். குழாயின் மறுமுனை தோலுக்கு அடியிலேயே கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்குள் போகும். நடுவில் ஒரு வால்வு. அதிகம் வடியாமலும் குறைவாக வடியாமலும் அது பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்தே காந்தத்தால் வால்வைக் கூட்டலாம், குறைக்கலாம். வயிற்றுக்குள் போகிற நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

ஆபத்தையும் மறைக்கவில்லை. கிருமி தொற்றலாம், குழாய் அடைக்கலாம், நீர் வேகமாக வடிந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். நூறு பேரில் சிலருக்கு இரண்டாவது அறுவை வேண்டியிருக்கும்.

சம்மதப் படிவத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். கோமதிநாயகம் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. கீழே நானும் போட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பாதித் தலையை மழித்திருந்தார்கள். கதவுக்குப் போகுமுன் என்னைப் பார்த்து, நீ எங்க போறே என்றார். இங்கேதான் இருப்பேன் என்றேன்.

சிவபாலன் வந்திருக்கிறான். விசாலமும் வந்தாள். மூன்று பேரும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நல்லபடியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எது நல்லபடி என்று கேட்டால் சொல்லத் தெரியாமலேயே வேண்டிக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தார். முடிந்தது, நன்றாக இருக்கிறார்.

ஆகஸ்ட் 5, சனி

நடந்தார். ஸ்கேனில் ரத்தம் ஏதும் இல்லை. தலையில் ஏழு தையல், வயிற்றில் மூன்று.

விசாலம் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் ஊருக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தடுமாறியது இல்லை. பாத்ரூம் ஆறு முறை, நனையவில்லை. பதினோரு நாளாக வீட்டில் இருக்கிறோம்.

காலையில் தெருமுனை வரை போய் வருகிறார். பேப்பரை முழுதாகப் படிக்கிறார். ஹாலில் நாற்காலியை யார் மாற்றிப் போட்டது என்று கேட்டார், பழைய இடத்தில் போட்டேன். துவையலில் புளி கூடிவிட்டது என்றார். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

எல்லாமே திரும்பவில்லை. புனேயிலிருந்து பேத்தி பேசினாள். குரலைக் கேட்டு முகம் மலர்ந்தது. ஆனால் பேர் வரவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலானி என்று நான் மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்றார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

விசாலம் போனும் செய்வதில்லை. நானே கூப்பிட்டால் நன்றாகப் பேசுகிறாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

இன்றும் ஒரு பெயர் வரவில்லை, கூடவே வேலை பார்த்தவருடைய பெயர். வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொஞ்சம் முன்னாலயே போயிருந்தா இதுவும் வந்திருக்குமோ என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைத்தேன்.

"அந்த லெட்டர் ஜூன் ஒம்பதாந்தேதியே கைக்கு வந்துட்டு. நாந்தான் பீரோல வச்சிருந்தேன்."

"மறந்துட்டியா?"

"இல்ல."

இவர் என்னையே பார்த்தார்.   ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். கேட்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனார். சாய்ந்துகொள்ளாமல், சுவரைத் தொடாமல், நேராக.

செப்டம்பர் 8, வெள்ளி

பேசவில்லை. சாப்பிட்டார்.

செப்டம்பர் 9, சனி

பேசவில்லை. சிவபாலனுக்குப் போன் செய்து கடித விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். ஏம்மா என்று மட்டும் கேட்டான். அவனிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. சித்தி நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள் என்றேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலை நடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த நாப்பது நாள்ல நான் எப்படி இருந்தேன்?"

"நடக்க முடியல. தண்ணி போறது தெரியல. என் பேரே ஒரு நாள் மறந்துட்டு."

"அது தெரியும். வேற?"

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. உட்கார்ந்தே சொன்னேன்.

"எங்கிட்ட நல்லா இருந்திய."

இவர் ஒரு செருப்போடு நின்றார். இன்னொன்றையும் கழற்றி, இரண்டையும் சுவரோரமாக வைத்தார். உட்கார இடம் தேடுவதுபோல் பார்த்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.  நானாக எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

மதுரை. டாக்டர் பர்வீன் நடக்க வைத்துப் பார்த்தார். பதினான்கு நொடி. டேப்பைச் சரியான தூரத்தில் மாற்றி ஒட்டியிருந்தார்கள். எழுந்து உட்காரும்போது சில நாளாகத் தலைவலி வருகிறது என்று இவர் சொன்னதும், நீர் சற்று அதிகமாக வடிகிறது என்று சொல்லி, காதுக்குப் பின்னால் கைக்கடக்கமான ஒரு கருவியை வைத்து வால்வைக் குறைத்தார். இரண்டு நிமிட வேலை. வலியில்லை.

ஞாபகச் சோதனையில்தான் பின்தங்கியிருக்கிறார். இதற்கு மேல் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாதாம். ஆறு மாதம் பார்க்க வேண்டும். முன்பே வந்திருந்தால் கூடியிருக்குமா என்று நான் கேட்டுவிட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இவருக்கு ஒன்றரை வருடமாக நோய் இருந்திருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே ஃபைலைப் புரட்டியவர் நின்றார்.

"ஸ்கேன் ஜூன் ஒன்பது. கடிதமும் அன்னிக்குத்தான். என்கிட்ட வந்தது ஜூலை இருபது. நாற்பத்தொரு நாள். இந்த இடைவெளி ஏன்?"

கையிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்குமுன் இவர் பேசினார்.

"நாந்தான் வரமாட்டேன்னுட்டேன். இவ எவ்வளவோ கூப்பிட்டா."

டாக்டர் ஏற்றுக்கொண்டதுபோல் தலையசைத்து எழுதினார். நோயாளி மறுத்தார் என்று எழுதியிருப்பார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இவரை உட்கார வைத்தேன். நன்றி சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. விருதுநகர் தாண்டியது. சாத்தூரில் ஒருவன் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு ஏறி இறங்கினான். பஸ் கிளம்பியதும் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம விசாலத்த வரச் சொல்லப் போறேன்."

கேட்கவில்லை, சொன்னேன். இவர் வெளியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். பதில் வராது என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

"அவ புருஷனும் வருவானா?"

"கூப்பிட்டா வருவாவ."

"பின் ஜன்னல்ல கிரில்லு ஒண்ணு வெல்டு விட்டுப்போயிருக்கு. வந்தா பாக்கச் சொல்லு."

"அவுக சாப்பிட வருவாவ. கிரில்லப் பத்தி நீங்களே கேளுங்க."

இதுபோல் நான் இவரிடம் பேசியதில்லை. இவர் என் பக்கம் திரும்பி, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி" என்றார்.

கோவில்பட்டி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.